கிடங்கும் கணினியும்

எம். புதுப்பட்டி வட்டாரப் பட்டாசு ஆலைகளில் வேலை அறை வேறு. மேகசின் எனப்படும் இருப்புக் கிடங்கு வேறு. இரண்டிற்கும் இடையே குறித்த தூரம் விடவேண்டுமென்பது சட்டம். கணினியுலகிலும் இத்தகைய பிரிவு ஒன்றுண்டு. அதனை ஈண்டுக் காண்போம்.

சர்வர் என்னும் வழங்கிக் கணினியின் வயிற்றுக்குள்ளேயே வட்டுகள் இருந்தால், கணினி பழுதுறும்போது தகவலும் உள்ளே சிறைப்படும். ஆடிப்பெருக்கன்று அடுத்த ஆண்டின் நாட்காட்டி ஆல்பத்தை வெளியிடும் சிவகாசி அச்சகத்திற்கு, அதற்கு முந்தைய வாரத்தில் இது நேர்ந்தால் இழப்பு எத்தகையது என்பதை விளக்க வேண்டுவதில்லை. வட்டுகளைத் தனியே ஓர் இருப்பகத்தில் வைத்தால், பழுதான சர்வரை விடுத்து வேறொன்றை இணைத்துப் பணியைத் தொடரலாம்.

வட்டுடன் பேசுவதற்கான ஸ்கஸி என்னும் கட்டளைமொழி 1986இல் தரப்படுத்தப்பட்டது. ஆயின் அதன் கம்பி 25 மீட்டருக்கு மேல் நீளாது. ஃபைபர் சேனல் நெடுந்தொலைவு செல்லும். அதற்குரிய கருவிகளோ விலைமிக்கவை. எனவே அதே கட்டளைகளைச் சாதாரண வலையமைப்பின் பொட்டலங்களில் இட்டு அனுப்பும் முறை வகுக்கப்பட்டது. இதுவே ஐஸ்கஸி. ஐபிஎம்மின் ஜூலியன் சத்ரான் முதலானோர் தொகுத்த இதன் வரையறை 2004 ஏப்ரலில் வெளிவந்தது. 2014இல் திருத்தம் பெற்றது.

கேட்கும் சர்வர் இனிஷியேட்டர். கொடுக்கும் இருப்பகம் டார்கெட். கிடங்குக் காவலர் பெட்டியின் எண்ணை அறிவார்; உள்ளிருக்கும் சரக்கை அறியார். டார்கெட்டும் அவ்வாறே, 'இன்ன எண்ணுள்ள கட்டத்தைத் தா' என்பதற்கு மட்டுமே செவிசாய்க்கும். கோப்பின் பெயரெல்லாம் சர்வரின் கணக்கில்தான். சர்வருக்கோ அது தன்னுள் இருக்கும் வட்டுப் போலவே தோன்றும்.

இவ்விடத்தில்தான் பலர் இடறுகின்றனர். வலையமைப்பில் இருப்பதால் இரண்டு சர்வர்கள் ஒரே வட்டினைப் பகிரலாம் என்று எண்ணிவிடுகின்றனர். எந்தக் கட்டம் காலி என்னும் குறிப்பைச் சர்வர் ஒவ்வொன்றும் தன் நினைவிலேயே வைத்திருக்கும். ஒன்று எழுதியதை மற்றொன்று அறியாது, அதன்மீதே எழுதும். ஒருவரையொருவர் காணாத இரு கணக்கர்கள் ஒரே பேரேட்டில் எழுதிய கதைதான்! பகிர்வதற்கென்றே அமைந்த ஜிஎஃப்எஸ்2 போன்ற கோப்பு முறைமை இருந்தாலன்றி, ஒரு வட்டுக்கு ஒரு சர்வர் என்பதே முறை.

சாப் என்னும் மறைச்சொல் முறை, வந்தவர் யாரெனச் சோதிக்கும். வழியிற் செல்லும் தகவலை மறைக்காது. ஆதலின் இருப்பகத்திற்கெனத் தனி ஸ்விட்சும் தனிக் கம்பியும் அமைப்பதே நன்றென நாம் கருதுகிறோம். அலுவலகக் கணினிகளின் நெரிசலும் அப்போது இதனைத் தாக்காது.