உங்களுக்குத் தெரியுமா? மெல்போர்னைப் பூட்டிய 262 நாட்கள்!

பட்டர் சிக்கன் ஆசைக்கு ஒருவர் கட்டிய விலை 1,652 ஆஸ்திரேலிய டாலர்! 2020 ஜூலை, மெல்போர்னில் கொரோனா ஊரடங்கு. வெரிபீ பகுதியிலிருந்து நகர மையத்துக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் காரை விரட்டிக்கொண்டு போனார் அந்த மனிதர். போலீஸிடம் மாட்டினார். அந்த 1,652 டாலர் அபராதம்! செய்தி பரவியதும் ஓர் இந்திய உணவகம், ஒரு வருடத்துக்கு அவருக்கு பட்டர் சிக்கன் இலவசம் என்று அறிவித்துவிட்டது!

இதைவிடப் பெரிய பில் இருக்கிறது. அதே மாதம், டாண்டினாங் பகுதியில் நள்ளிரவு ஒன்றரை மணிக்கு இரண்டு பெண்கள் கேஎஃப்சியில் 20 சாப்பாடு வாங்கினார்கள். அங்கே நின்ற ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்குச் சந்தேகம்! போலீஸ் போய்க் கதவைத் தட்டினால், உள்ளே பிறந்தநாள் கொண்டாட்டம். 16 பேர், தலைக்கு 1,652 டாலர் அபராதம். மொத்தம் 26,432 டாலர்!

மொத்தம் ஆறு ஊரடங்குகள்! எல்லாவற்றையும் கூட்டினால் 262 நாட்கள். உலகில் வேறெந்த நகரமும் இவ்வளவு நாள் பூட்டிக் கிடக்கவில்லை என்று பத்திரிகைகள் எழுதின. உள்ளே இருந்தவர்கள் சுமார் 50 லட்சம் பேர்!

2020-இல் நீண்ட ஊரடங்கு மட்டும் 111 நாட்கள். வீட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டர்தான் எல்லை. உடற்பயிற்சிக்கு ஒரு மணி நேரம். இரவு எட்டு மணிக்குமேல் தெருவில் தலை தெரியக் கூடாது. குழந்தைகளின் சறுக்குமரத்துக்கும் ஊஞ்சலுக்கும்கூடத் தடை!

அந்த நீண்ட ஊரடங்குக்குக் காரணமான இரண்டாம் அலை எங்கிருந்து கிளம்பியது தெரியுமா? வெளிநாட்டிலிருந்து திரும்பி, ஒரு ஹோட்டலில் தனிமையில் வைக்கப்பட்ட ஒரே ஒரு குடும்பம். நான்கே பேர்! அந்த அலையின் தொற்றில் சுமார் 90 சதவீதத்தை அவர்கள் வழியாகப் பரவிய கிருமியோடு இணைத்துக் காட்டினார்கள் ஆய்வாளர்கள்!

2020 ஆகஸ்ட் 5 அன்று ஒரே நாளில் 725 பேருக்குத் தொற்று என்று அறிவிப்பு வந்தது. மெல்போர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் அந்த அலை பறித்த உயிர்கள் சுமார் 800. பெரும்பாலோர் முதியோர் இல்லங்களில் இருந்தவர்கள்.

இனி சொல்லப்போவதைப் படித்தபோது எங்களுக்கே மனம் ஆறவில்லை! 2020 ஜூலை 4, மாலை. ஃபிளெமிங்டன், நார்த் மெல்போர்ன் பகுதிகளில் அரசு கட்டித் தந்த ஒன்பது அடுக்குமாடிகள். சுமார் 3,000 ஏழை மக்கள், பலர் அகதிகளாக வந்து குடியேறியவர்கள். நகரின் மற்றவர்களுக்காவது ஊரடங்குக்குமுன் அவகாசம் கிடைத்தது. இவர்களுக்கு ஒரு நிமிடம்கூட இல்லை! அறிவித்த கையோடு போலீஸ் வாசலில் வந்து நின்றது. பால் வாங்க, மருந்து வாங்கக்கூட வெளியே வர முடியாது. எட்டுக் கட்டடங்களை ஐந்து நாளில் திறந்தார்கள். ஒன்றை மட்டும் இரண்டு வாரம் பூட்டியே வைத்தார்கள்! இப்படி அவகாசமே தராமல் பூட்டியது மனித உரிமைச் சட்டத்துக்கு எதிரானது என்று மாநிலக் குறைதீர்ப்பு அதிகாரி அந்த டிசம்பரிலேயே அடித்துச் சொன்னார். 2023-இல் அரசு கொடுக்க ஒப்புக்கொண்ட இழப்பீடு 50 லட்சம் டாலர்! அந்த மக்களின் கோபம் நூற்றுக்கு நூறு நியாயம்.

ஸ்பானிஷ் ஃப்ளூ காலத்துக்குப் பிறகு முதல்முறையாக 2020-இல் விக்டோரியா - நியூ சவுத் வேல்ஸ் எல்லையை மூடினார்கள். இடைவெளி, 101 ஆண்டுகள்!

அப்போதைய மாநில முதல்வர் டேனியல் ஆண்ட்ரூஸ் ஒரு நாள்கூட விடாமல் தொடர்ந்து பத்திரிகையாளர்களைச் சந்தித்தது 120 நாட்கள்!

2020 அக்டோபர் 26. புதிய தொற்று பூஜ்யம், மரணமும் பூஜ்யம்! மறுநாள் நள்ளிரவில் கடைகள் திறந்தன. அந்த நேரத்திலும் கேமார்ட் பல்பொருள் கடை வாசலில் வரிசை!

டீ குடிக்கும் இடத்தை மூடினால் யாருக்குத்தான் கோபம் வராது? 2021 செப்டம்பரில் கட்டுமானத் தொழிலாளர்களின் தேநீர் அறைகளை மூட உத்தரவு. அவர்கள் மேசை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நடுத்தெருவில் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். டிராம்கள் நின்றன! தடுப்பூசிக் கட்டாயமும் சேர்ந்துகொள்ள, சில நாளில் தொழிற்சங்க அலுவலகமே தாக்கப்பட்டது. பதிலுக்கு அரசு கட்டுமானத் தொழிலையே இரண்டு வாரம் நிறுத்தியது. ஆயிரக்கணக்கானோர் வெஸ்ட் கேட் பாலத்தை மறித்தார்கள். அதற்கு மறுநாள் காலை என்ன நடந்தது தெரியுமா? நிலநடுக்கம்! அதன் அளவு 5.9!

ஆஸ்திரேலியக் கால்பந்து இறுதிப் போட்டி மெல்போர்னின் உயிர். 2020-இல் அது பிரிஸ்பேனுக்குப் போனது. விக்டோரியாவுக்கு வெளியே அது நடந்தது அதுதான் முதல்முறை! 2021-இல் பெர்த். அந்த ஆண்டு வென்றதோ மெல்போர்ன் அணி, அதுவும் 57 ஆண்டுகளுக்குப் பிறகு! பொய்த் தகவல் கொடுத்து எல்லை தாண்டிப் போய்ப் பார்த்த இரண்டு ரசிகர்கள், வீரர்களின் அறைக்குள் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் படமே காட்டிக்கொடுத்தது. தண்டனை 10 மாதம், அதில் மூன்று மாதமாவது கம்பி எண்ண வேண்டும்!

அந்தப் போட்டியை ஊரில் இருந்தவர்கள் வீடுகளில் கூடிக்கூடிப் பார்த்தார்கள். ஐந்தே நாளில் தினசரித் தொற்று 1,438! முந்தைய நாள் 950 மட்டுமே!

கடைசியாக, எங்கள் கண்டுபிடிப்புகளில் முதலிடம் பெறுவது இதுதான். 2021 ஆகஸ்ட் 5 அன்று ஆறாவது முறையாக ஊரைப் பூட்டினார்களே, அன்று புதிய தொற்று பத்துக்கும் குறைவு! அக்டோபர் 21 இரவு திறந்தார்களே, அன்று 2,000-க்கும் மேல்! திறக்க வைத்த எண் வேறு. 16 வயது நிரம்பியவர்களில் இரண்டு தடுப்பூசியும் போட்டுக்கொண்டவர்கள் 70 சதவீதம்!