வீட்டில் செய்த வண்டிக்கு வெள்ளோட்டம் எப்போது?

திருவண்ணாமலையில் கார்த்திகை தீபத் திருவிழாவின் ஏழாம் நாளன்று ஐந்து தேர்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாட வீதிகளில் ஓடுகின்றன. விநாயகர் தேரும் முருகன் தேரும் போய்ச் சேர்ந்த பிறகு அண்ணாமலையாரின் பெரிய தேர் நிலையை விட்டுப் புறப்படுகிறது. அம்மன் தேரைப் பெண்மக்களே இழுக்கிறார்கள். சண்டிகேசுவரர் தேரைச் சிறுவர் சிறுமியர் இழுக்கிறார்கள். ஜனங்களின் கண்கள் யாவும் கோபுரம்போல் அசைந்து வரும் தேரின் உச்சியில் பதிந்திருக்கும். சக்கரத்தின் பக்கத்தில் குனிந்தபடியே நடந்து வரும் சிலரைக் கவனிப்பவர் குறைவு. அவர்கள் கையில் இருப்பது முட்டுக்கட்டை. வீதி முனையில் தேரைத் திருப்புவதும், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துவதும் அவர்கள் பொறுப்பு. வடம் பிடிக்கும் ஆயிரமாயிரம் கைகள் தேரை ஓட்டுகின்றன. அதை நிறுத்துவது அந்தச் சில கைகளே.

இந்தத் தேர் தொழிற்சாலையில் செய்து அனுப்பப்பட்ட பொருளன்று. தச்சரும் கொல்லரும் ஸ்தபதியும் கூடிச் செய்தது. ஒவ்வொரு தலைமுறையும் பழுது பார்த்துத் திருத்தியது. 2024-ஆம் ஆண்டு பெரிய தேர் செப்பனிடப்பட்டபோது, திருவிழாவுக்கு முன்பே நவம்பர் மாதத்தில் அதற்கு வெள்ளோட்டம் விடப்பட்டது. பொதுப்பணித் துறையினர் தேரின் உறுதியைச் சோதித்துச் சான்று தருவதும் வழக்கமாக இருக்கிறது. நம் நாட்டுத் தேர்கள் பலவற்றுக்குத் திருச்சி பாரத மிகுமின் நிறுவனத்தார் இரும்பு அச்சும் சக்கரமும் செய்து கொடுத்திருக்கிறார்கள். திருவாரூர் ஆழித்தேருக்கு ஹைடிராலிக் பிரேக்கும் பொருத்தப்பட்டிருக்கிறது. கையால் செய்த வாகனம் ஒன்று ஜனங்கள் நிறைந்த வீதிக்கு வருவதற்குமுன் என்னென்ன நடக்க வேண்டுமோ, அதை நம்மவர்கள் நன்றாகவே அறிந்திருக்கிறார்கள் என்பதற்கு இது சான்று.

இவ்வளவும் இங்கே சொல்லக் காரணம் உண்டு. தேருக்கு இருக்கும் இந்த வழி, தன் வீட்டுக் கொட்டகையில் ஒரு மோட்டார் வண்டியைச் செய்து முடிக்கும் மனிதனுக்கு இந்நாட்டில் இல்லை. இது நியாயமா என்பதே நாம் கேட்கும் கேள்வி.

வீட்டில் மோட்டார் செய்வதா என்று வாசகர்களில் சிலர் வியக்கக்கூடும். மேல்நாடுகளில் இது பழைய பழக்கம். இங்கிலாந்தில் லோட்டஸ் கம்பெனியார் 1957-ஆம் ஆண்டு ‘செவன்’ என்ற சிறிய வண்டியை வெளியிட்டார்கள். முழு வண்டியாக விற்றால் வாங்குபவர் அதிக வரி கட்ட வேண்டும். பாகங்களாக விற்றால் அந்த வரி இல்லை. ஆகவே ஜனங்கள் பெட்டிகளில் பாகங்களை வாங்கி, வீட்டிலேயே பூட்டி ஓட்டினார்கள். 1973-இல் வரிமுறை மாறியது; அவ்வாண்டிலேயே லோட்டஸ் கம்பெனியார் அவ்வண்டியின் உரிமையைக் கேட்டர்ஹாம் கம்பெனியாரிடம் விட்டுவிட்டார்கள். ஆனால் பழக்கம் நின்றுவிடவில்லை. லெஸ்டர்ஷயரில் உள்ள அல்டிமா என்னும் நிறுவனத்தாரின் வண்டி, பந்தய மோட்டாரைப் போன்றது. இரும்புக் குழாய்களைப் பற்றவைத்த கூடு, கண்ணாடி நாரில் வார்த்த உடல், ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் அமெரிக்க ஷெவர்லே எஞ்சின் என்ற அமைப்புடைய அதனையும் வீட்டில் பூட்டி முடித்தவர்கள் உண்டு.

இத்தகைய வண்டியைச் செய்தவர்களின் அநுபவத்திலிருந்து அறியக்கூடிய உண்மை ஒன்று உண்டு. எஞ்சின் உயிர்பெற்று வண்டி முதன்முதல் அசையும் நாள், வேலை முடிந்த நாளன்று. பாதி வேலை தொடங்கும் நாள். பிரேக்கை அழுத்தினால் முன்சக்கரங்களுக்கு முன்பாகப் பின்சக்கரங்கள் இறுகிவிடக் கூடாது. இறுகினால் வண்டி சுழன்றுவிடும். பள்ளத்தில் இறங்கி ஏறும்போது சக்கரம் தானே திரும்பக் கூடாது. எஞ்சின் பின்னால் இருந்து, சூடு தணிக்கும் ரேடியேட்டர் முன்னால் இருக்குமாயின், நீண்ட குழாய்களுக்குள் காற்று தங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் இதன் அருமை தெரியும். ஒவ்வொரு மரையும் சில நூறு மைல் ஓடிய பிறகு மறுபடியும் இறுக்கிப் பார்க்கப்பட வேண்டும். வேகத்தைக் கூட்டுவது எளிது. கூட்டிய வேகத்தை அடக்கும் வித்தைக்குத்தான் மாதக்கணக்கான பொறுமை வேண்டும். முட்டுக்கட்டைக்காரனுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

நம்மவர்களுக்கு இத்திறமை இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. கோயமுத்தூர் ஜி. டி. நாயுடு அவர்களின் கதை தமிழ்நாடு அறிந்தது. 1893-இல் கலங்கல் கிராமத்தில் பிறந்த அவர், வெள்ளைக்கார அதிகாரி ஒருவரிடமிருந்து ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அதைக் கழற்றிப் பூட்டியே யந்திரக் கல்வி பெற்றார். 1920-இல் ஒரே ஒரு பஸ்ஸை வைத்துக்கொண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டத் தொடங்கினார். 1952-இல், இரண்டாயிரம் ரூபாய் விலையில் இருவர் அமரக்கூடிய பெட்ரோல் கார் ஒன்றை அவர் உருவாக்கினார் என்றும், உற்பத்திக்குச் சர்க்கார் அநுமதி கிடைக்கவில்லை என்றும் அவருடைய வரலாற்றில் காண்கிறோம். அதே கோயமுத்தூரில் பிற்காலத்தில் கரிவரதன் என்பவர், மாருதி எஞ்சினைக் கொண்டு குறைந்த செலவில் பந்தய வண்டிகளைச் செய்து, பல இளைஞர்களைப் பந்தயக் களத்துக்குக் கொண்டுவந்தார். 1995-இல் விமான விபத்தில் அவர் மறைந்தார். செட்டிபாளையத்துப் பந்தயச் சாலை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பந்தயச் சாலையில் ஓடலாம். அதன் வாசலைத் தாண்டினால் ஓடக் கூடாது. இதுவே நம் நாட்டு நிலைமை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி பதிவு பெறாத வண்டி பொதுச் சாலைக்கு வரலாகாது. பதிவு பெறுவதற்கு, உற்பத்தியாளர் தரும் தகுதிச் சான்று வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 126-ஆவது விதியின்படி, உற்பத்தியாளர் தம் வண்டியின் மாதிரியைச் சர்க்கார் அங்கீகரித்த சோதனை நிலையத்தில் ஒப்படைத்துத் தேர்ச்சி பெற வேண்டும். ஆயிரக்கணக்கில் கார் செய்து விற்பவருக்கு இது தக்க விதியே. மோதிப் பார்க்கும் சோதனையில் ஒரு வண்டி நொறுங்கினாலும் அவருக்கு நஷ்டமில்லை. தனக்கென்று ஒரே ஒரு வண்டி செய்தவன் அதை மோதி உடைத்துக் காட்டிய பிறகு எதை ஓட்டுவான்? விற்பனைக் காரை வாங்கி உருமாற்றலாம் என்றாலோ, சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடுக்கிறது. உற்பத்தியாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாதென்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் தெளிவாகத் தீர்ப்பளித்திருக்கிறது.

இதன் விளைவு என்னவென்பதற்கு மகாராஷ்டிரத்தில் ஓர் உதாரணம் உண்டு. சாங்கிலி ஜில்லாவைச் சேர்ந்த ஒரு கொல்லர், பழைய இரும்பைக் கொண்டு, ஸ்கூட்டரைப் போல் காலால் உதைத்துக் கிளப்பும் ஒரு சிறு ஜீப்பைச் செய்தார். செலவு சுமார் 60,000 ரூபாய். 2021 டிசம்பரில் அந்தச் செய்தி நாடெங்கும் பரவியது. தொழிலதிபர் ஆனந்த் மஹிந்திரா அவரைப் பாராட்டினார். விதிகளுக்குப் புறம்பானதால் அவ்வண்டியை அதிகாரிகள் என்றேனும் நிறுத்திவிடுவார்கள் என்று சொல்லி, அதற்குப் பதிலாக ஒரு பொலேரோ வண்டி தருவதாகவும் அறிவித்தார். அவ்வாறே 2022 ஜனவரியில் கொடுத்தார். கொடுத்தவரின் பெருந்தன்மையை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆயினும் தன் கையால் செய்த வண்டியை விட்டுவிட்டுக் கம்பெனி வண்டியில் ஏறுவதுதான் ஒரு தொழிலாளியின் திறமைக்கு இந்நாடு தரக்கூடிய முடிவென்றால், அதில் நாம் பெருமைப்படுவதற்கு என்ன இருக்கிறது?

மறுபக்கத்தையும் நாம் மறந்துவிடவில்லை. பௌர்ணமி இரவில் திருவண்ணாமலையைச் சுற்றிப் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் வெறுங்காலுடன் நடக்கும் கூட்டத்தை எண்ணிப் பார்க்கிறோம். கிழவர்களும் கைக்குழந்தை ஏந்திய தாய்மார்களும் நடக்கும் சாலைக்குப் பக்கத்தில், பிரேக்கு நிச்சயமில்லாத வண்டி ஒன்று வருவதை எவரும் விரும்பார். மெதுவாக நகரும் வாகனமும் ஆபத்தாகக்கூடும். 2022 ஏப்ரல் 27-ஆம் தேதி தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் தேர் மின்கம்பியில் பட்டு 11 பேர் உயிரிழந்ததை மறக்க இயலுமா? சாலை எல்லோருக்கும் உரியது. ஒருவனுடைய ஆசைக்காக மற்றவர் உயிரைப் பணயம் வைக்கும் உரிமை யாருக்கும் கிடையாது.

ஆகவே சோதனையைத் தளர்த்த வேண்டுமென்று நாம் கேட்கவில்லை. ஒற்றை வண்டிக்கும் ஒரு சோதனை இருக்க வேண்டும் என்று கேட்கிறோம். பிரிட்டனில் இப்படி ஓர் ஏற்பாடு நடைமுறையில் இருக்கிறது. வீட்டில் செய்த காரைச் சர்க்கார் பரிசோதனை நிலையத்துக்குக் கொண்டுபோனால், அதை உடைக்காமலே அங்கம் அங்கமாகப் பார்க்கிறார்கள். பிரேக்கு, விளக்கு, புகை, சப்தம், இருக்கைப் பட்டை, கண்ணாடி ஒன்றும் தப்புவதில்லை. வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது. நடப்பவர்மேல் பட்டால் கிழிக்கும்படியான கூரிய விளிம்பு வெளிப்புறத்தில் இருக்கக் கூடாது. அந்த விளிம்பின் வளைவு இத்தனை மில்லிமீட்டர் என்றுகூடக் கணக்கு வைத்திருக்கிறார்கள். தேறாத வண்டி திருத்தத்துக்குத் திரும்பிப் போகும். தேறிய வண்டிக்கு எண் பலகை கிடைக்கும். நம் தேர்ச் சான்றின் தத்துவமும் இதுதானே!

இதற்கு வேண்டிய சாதனங்கள் நம்மிடம் இல்லாமலில்லை. காஞ்சிபுரம் ஜில்லாவில் ஒரகடத்தில் மத்திய சர்க்காரின் வாகன ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. திருவண்ணாமலையிலிருந்து காலையில் புறப்பட்டால் பகலுக்குள் அங்கே சேர்ந்துவிடலாம். அங்கே ஆண்டுக்குச் சில வண்டிகளையேனும் தனித்தனியே சோதிக்க ஏற்பாடு செய்யலாம். கட்டணம் ஓர் எளிய பட்டறைக்காரன் தாங்கக்கூடியதாக இருக்கட்டும். அவ்வாறு தேறிய வண்டியைச் சில ஆண்டுகள் விற்கக் கூடாதென்று நிபந்தனை விதிக்கட்டும். வியாபாரிகள் இந்த வழியாக நுழைந்துவிட மாட்டார்கள். எஞ்சினின் சக்திக்கும் ஓர் எல்லை வகுக்கட்டும்.

இதனால் யாருக்கு என்ன பயன் என்று கேட்கலாம். திருவண்ணாமலைத் தொழிற்பயிற்சி நிலையத்தில் பற்றவைப்பும் கடைசலும் கற்று வெளிவரும் இளைஞனை எண்ணிப் பாருங்கள். பிறர் வகுத்த வண்டிக்கு மரை முடுக்கும் வேலை அவனுக்குக் கிடைக்கக்கூடும். தானே ஒரு வண்டியை முழுவதும் வகுத்து, பிழை கண்டு, திருத்தி, அதிகாரியின் முன் நிறுத்தி, ‘சோதித்துக் கொள்ளுங்கள்’ என்று சொல்லும் வாய்ப்பு அவனுக்குக் கிடைக்கட்டும். முதல் தடவை தோற்றாலும், ஏன் தோற்றோம் என்று அறிந்து திரும்புவான். அந்த அறிவுதான் ஒரு தேசத்தின் கைத்தொழிலுக்கு மூலதனம். இப்போதோ, அவன் வண்டி ஊருக்கு வெளியே வயல் வரப்பில் ஒளிந்து ஓடுகிறது, அல்லது கொட்டகையில் துருப்பிடிக்கிறது. ஒளிந்து ஓடும் வண்டியின் பிரேக்கை எந்த அதிகாரியும் பார்ப்பதில்லை என்பதையும் சர்க்கார் சிந்திக்க வேண்டும்.

அடுத்த கார்த்திகையில் பெரிய தேர் நிலையை விட்டுப் புறப்படும்போது, அதன் சக்கரத்தடியில் நடப்பவர்களை வாசகர்கள் சற்றே உற்றுப் பாருங்கள். முட்டுக்கட்டை பிடிக்கத் தெரிந்த ஜனங்களை நம்பித் தேரை வீதிக்கு விட்ட நாடு, அவர்களுடைய பிள்ளைகளை நம்பி ஒரு சிறு மோட்டாருக்கும் வெள்ளோட்டம் விடலாம் என்பது நம்முடைய துணிந்த அபிப்பிராயம்.