குடம் குடமாய் மின்னேற்றம்

விஞ்ஞானக் கழகத்திற்காக நான் ஒரு சிறு சுற்றை அமைத்தேன். 20 வோல்ற்று வழங்கியிலிருந்து தடையொன்றினூடாக 10,000 மைக்கிரோபரட் கொள்ளளவி ஏற்றம் பெறும். இருவழி ஆளியைத் திருப்பினால், அவ்வேற்றம் சிறு தடையினூடாக 12 வோல்ற்று பற்றரிக்குள் இறங்கும். கொள்ளளவியின் முனைகளை மாற்றி இணைத்தால் அது வெடிக்கலாம், கவனம்!

8 வோல்ற்று வித்தியாசத்தை 0.01 பரட்டால் பெருக்குங்கள்: ஒரு தடவைக்கு 0.08 கூலோம். 7 அம்பியர்-மணி பற்றரிக்கோ 25,200 கூலோம் வேண்டும். அதாவது 315,000 தடவை! செக்கனுக்கு இருமுறை இறக்கினாலும் ஏறத்தாழ 44 மணித்தியாலம் செல்லும். ஒவ்வொரு தடவையும் கொள்ளளவி இழக்கும் 1.28 யூலில் 0.96 யூலே பற்றரியை அடைகிறது, மீதி வெப்பமாகிறது.

கொள்ளளவி சக்தியை உண்டாக்குவதில்லை; கிடைத்ததைச் சுமக்கும் சிறு குடம் அது. தோழியரே, ‘இலவச மின்சாரம்’ என்று யாரேனும் சொன்னால், நம்புமுன் பெருக்கிப் பாருங்கள்.