பூ வேறு, பூ எண்ணெய் வேறு!



இப்போது ஃபேன்ஸி ஸ்டோரிலேயே லாவெண்டர், ரோஜா, மல்லிகை எண்ணெய் என்று குட்டிக் குட்டி பாட்டில்கள் கிடைக்கின்றன. தூக்கம் வரும், முகம் பளபளக்கும் என்று சொல்லி விற்கிறார்கள். "பூவிலேர்ந்து எடுத்ததுதானே, என்ன பண்ணிடப் போகுது?" என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். அந்த நினைப்புதான் ஆபத்து!

ஒரு கிலோ ரோஜா எண்ணெய் எடுக்க 3000 கிலோவுக்கு மேல் இதழ் வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரே ஒரு சொட்டுக்கு நூறு கிராமுக்கு மேல் இதழ்! தலையில் ஒரு முழம் பூ வைப்பதும் இதை எடுத்துப் பூசுவதும் ஒன்றாகுமா? நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் 'ரோஜா எண்ணெய்' சுத்தமானதாக இருக்க வழியில்லை என்பதும் இதிலிருந்தே புரியும்.

எங்கள் எதிர்வீட்டுப் பெண், கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது லாவெண்டர் எண்ணெயை அப்படியே முகத்தில் தடவிவிட்டாள். கன்னமெல்லாம் சிவந்து தடித்து, தோல் டாக்டரிடம் ஓட வேண்டியதாயிற்று. எனவே சில விஷயங்களைக் கவனத்தில் வையுங்கள்.

* நேரடியாகப் பூசவே கூடாது. 30 மில்லி (இரண்டு மேஜைக்கரண்டி) தேங்காய் எண்ணெய் அல்லது நல்லெண்ணெயில் உடம்புக்கு 12 சொட்டு, முகத்துக்கு 6 சொட்டுக்கு மேல் வேண்டாம். முதலில் முழங்கை மடிப்பில் தடவி, ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். அரித்தால் விட்டுவிடுங்கள்.

* குளிக்கிற வாளியில் சொட்டு விடாதீர்கள. தண்ணீரில் கரையாமல் மேலே மிதந்து, அப்படியே உடம்பில் ஒட்டிக்கொள்ளும்.

* அறை மணக்க டிஃப்யூசரில் 3, 4 சொட்டு, அரை மணி நேரம், ஜன்னலைத் திறந்து வைத்து... அவ்வளவு போதும். ஆஸ்துமாக்காரர்களோ கைக்குழந்தையோ பூனையோ இருக்கிற வீட்டில் இது வேண்டாம். கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

* எளிதில் தீப்பிடிக்கும். அடுப்பு, விளக்கு, ஊதுபத்தி பக்கம் வைக்காதீர்கள்.

* காற்றுப் பட்டுப் பழசான லாவெண்டர் எண்ணெய் அரிப்பைக் கிளப்பும். கருநிற பாட்டிலில், இறுக மூடி, வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியம் குழந்தைகள். இருமல் டானிக் இருக்கும் அலமாரியிலேயே இதையும் வைத்தால், டானிக் என்று நினைத்துப் பிள்ளை குடித்துவிடலாம். ஒரு டீஸ்பூன் உள்ளே போனால்கூட சில எண்ணெய்கள் வலிப்பில் கொண்டுபோய் விடும். அப்படி நேர்ந்தால் உப்புத் தண்ணீர் கொடுத்தோ, தொண்டையில் விரலை விட்டோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் இன்னும் மோசம். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். பாட்டிலையும் கையோடு எடுத்துப் போனால், என்ன குடித்தது என்று டாக்டருக்குச் சட்டென்று தெரியும். கண்ணில் பட்டுவிட்டால் கசக்காமல், 15 நிமிடம் சுத்தமான தண்ணீர் விட்டுக் கழுவி, பிறகு டாக்டரிடம் காட்டுங்கள்.

வீடு கமகமவென்று மணக்கட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? பாட்டில் மட்டும் பிள்ளைகள் கைக்கு எட்டாத பரணில் இருக்கட்டும்!

- ஒரு வாசகி, நிலக்கோட்டை.