அடுக்களை எறும்புகளின் பாதை

திருவனந்தபுரத்தில் எறும்புக்கு ஓய்வுக்காலம் என்று ஒன்று கிடையாது. ஆண்டின் பெரும்பாலான நாள்களில் வெப்பநிலை 22 பாகைக்கும் 33 பாகைக்கும் இடையிலேயே நிற்பதாலும், ஜூன் தொடக்கத்தில் இறங்கும் இடவப்பாதி மழையும் அக்டோபரில் இடியோடு வரும் துலாமழையும் பெரும்பங்கு தர, ஆண்டுக்கு ஏறத்தாழ 1,800 மில்லிமீட்டர் மழை பெய்வதாலும், குளிர்நாடுகளில் மாதக்கணக்கில் முடங்கிக் கிடக்கும் இவ்வுயிர் இந்நகரில் ஆண்டு முழுவதும் இரை தேடி அலைகிறது. தென்னையும் பலாவும் பப்பாளியும் நிற்கும் தோட்டத்தின் நடுவே வீடு இருப்பதும், வெல்லமும் தேங்காயும் மீனும் அன்றாடம் புழங்கும் அடுக்களை அந்தத் தோட்டத்தை ஒட்டியே அமைவதும் அதன் தேடலை எளிதாக்குகின்றன. ஆகவே சமையல்மேடையில் எறும்பு ஊர்வதை வீட்டுப் பெண்களின் சுத்தக்குறைவாகப் பேசும் வழக்கம் நியாயமற்றது. துடைத்து வைத்த மேடைக்கும் எறும்பு வரும். அது ஏன் வருகிறது, எவ்வாறு வழி கண்டுகொள்கிறது என்பதை அறியாமல் மருந்து தெளிப்பவரின் வீட்டுக்கு அது மீண்டும் மீண்டும் வரும்.

வீட்டுக்குள் வரும் எறும்புகள் எல்லாம் ஓரினம் அல்ல. டாப்பினோமா மெலனோசெபாலம் என்று அறிவியலார் பெயரிட்டுள்ள சிற்றெறும்பு ஒன்றரை மில்லிமீட்டர் நீளமே உள்ளது. தலையும் மார்பும் கருத்திருக்க, வயிறும் கால்களும் நிறமற்று வெளிறியிருப்பதால், வெள்ளைத் தரையோட்டின் மேல் அது ஓடும்போது கரும்புள்ளிகள் தாமாக நகர்வதாகவே கண்ணுக்குப் படும். விரலால் நசுக்கினால் காறல் பிடித்த தேங்காயின் வாடை எழுவது இதன் உறுதியான அடையாளம். இதன் வயிற்றுத்தோல் எவ்வளவு மெல்லியது என்பதை 2011-இல் மைசூரைச் சேர்ந்த அறிவியலாளர் ஒருவர் எடுத்த ஒளிப்படங்கள் உலகுக்குக் காட்டின: சிந்திய பாலைக் குடித்த எறும்புகளின் வயிறு வெண்மையாவதை வீட்டில் கவனித்த பிறகு, சிவப்பும் பச்சையும் நீலமும் கலந்த சர்க்கரைத் துளிகளை அவர் வைத்துப் பார்க்க, எந்தத் துளியைக் குடித்ததோ அந்த நிறத்தில் ஒவ்வோர் எறும்பின் வயிறும் ஒளிர்ந்தது.

அடுத்தது பாரட்ரெகினா லாங்கிகார்னிஸ் என்ற கருநிற எறும்பு. நீண்ட கால்களும் மிக நீண்ட உணர்கொம்புகளும் கொண்ட இது, நேர்வரிசையில் செல்லாமல் திசைமாறித் திசைமாறி விரைந்தோடும். கொட்டாது. திண்டுக்கல் மாவட்டத்துக் கரந்தமலைப் பகுதியில் 2022-இல் கால்நடைகளையும் உழவர்களையும் அல்லற்படுத்திய மஞ்சள் நிற எறும்பும் இதைப்போலவே தாறுமாறாக ஓடுவது என்றாலும், அது ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும் வேறோர் இனமாகும். இவை தவிர, வெளிறிய மஞ்சள் நிறமுள்ள மோனோமோரியம் ஃபரவோனிஸ் என்னும் ஃபாரோ எறும்பும், கொட்டினால் கொப்புளம் எழுப்பும் சோலெனாப்சிஸ் ஜெமினேட்டா என்னும் செவ்வெறும்பும் அடுக்களைக்கு வருபவை. இந்தச் செவ்வெறும்பு இந்திய மண்ணில் தோன்றியது அல்ல. பல நாடுகளின் எறும்புகளுடைய மரபணுக்களை ஒப்பிட்டு 2015-இல் வெளியான ஆய்வு, பதினாறாம் நூற்றாண்டில் மெக்சிகோவின் அகபுல்கோ துறைமுகத்திலிருந்து மணிலாவுக்குச் சென்ற ஸ்பானியக் கப்பல்களில், பாரத்துக்காக ஏற்றப்பட்ட மண்ணோடு சேர்ந்து இது ஆசியாவை அடைந்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தது. மிளகாயும் முந்திரியும், பின்னாளில் விசாகம் திருநாள் மன்னர் (ஆட்சி 1880–1885) திருவிதாங்கூரில் பரப்பிய மரவள்ளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்தவைதாம் என்பதை நினைத்தால், கேரளத்து அடுக்களையில் உணவும் அதைத் தேடி வரும் எறும்பும் ஒரே திசையிலிருந்து வந்து சேர்ந்திருப்பது புலனாகும்.

எறும்பின் வரிசைக்குத் தலைமை கிடையாது. கூட்டிலிருந்து முதலில் வெளியேறும் சில வேலைக்கார எறும்புகள் தனித்தனியே அலைந்து தேடுகின்றன. அவற்றுள் ஒன்று சர்க்கரை டப்பாவின் மூடியிடுக்கைக் கண்டுவிட்டால், வயிறு நிறைய உண்டபின், வயிற்றின் நுனியைத் தரையில் தொட்டுத் தொட்டு, ஒரு வேதிப்பொருளைச் சிறுசிறு துளியாக இட்டபடியே கூடு திரும்புகிறது. ஓர் உயிர் வெளியிட்டு அதே இனத்தைச் சேர்ந்த மற்றோர் உயிரின் நடத்தையை மாற்றும் இத்தகைய வேதிப்பொருளுக்கு ஃபெரோமோன் என்று பெயர். அதன் மணத்தைப் பின்பற்றிச் செல்லும் எறும்புகளும் உணவைக் கண்டால் தாமும் தடமிட்டுத் திரும்புவதால் பாதை வலுக்கிறது. டப்பாவைக் கழுவி வைத்துவிட்டால் புதிய தடம் விழுவதில்லை, பழைய மணம் ஆவியாகிப் பாதை தானே அழிகிறது. பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரத்து ஆய்வாளர்கள் 1989-இல், கூட்டுக்கும் உணவுக்கும் இடையே நீளம் வேறுபட்ட இரு பாலங்களை வைத்துப் பார்த்தபோது, குறுகிய பாலத்தில் போய்வர நேரம் குறைவு என்பதாலேயே அதில் மணம் விரைவாகச் சேர, எறும்புகளுள் பெரும்பாலானவை எந்த ஒன்றும் அளந்து பாராமலேயே அந்தப் பாலத்துக்கு மாறிவிட்டன. இக்கண்டுபிடிப்பைக் கணக்குமுறையாக மாற்றி மார்க்கோ டோரிகோ என்ற இத்தாலியர் 1992-இல் அளித்த வழிமுறை, இன்று சரக்கு வண்டிகளுக்குப் பாதை வகுக்கவும் பயன்படுகிறது.

ஃபாரோ எறும்பின் தடத்தில் இதைவிட நுட்பமான செய்திகள் எழுதப்பட்டிருக்கின்றன. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004-இல் காட்டியபடி, இதன் பாதை கவையாகப் பிரியுமிடத்தில் இரு கிளைகளுக்கும் இடைப்பட்ட கோணம் பெரும்பாலும் 50 முதல் 60 பாகையாக இருக்கிறது. கூட்டிலிருந்து வெளியே செல்லும் எறும்பு கவையை அடையும்போது இரு கிளைகளும் முன்னோக்கிச் சற்றே விலகிச் செல்லும். உணவோடு திரும்பும் எறும்பு அதே கவையை அடையும்போதோ ஒரு வழி ஏறக்குறைய நேராகவும் மற்றொன்று கூர்மையாக மடங்கியும் இருக்கும். எனவே திசை தவறிய எறும்பு கவையின் வடிவத்தைக் கொண்டே கூடு எப்பக்கம் என்று அறிந்து திரும்பிக்கொள்கிறது. அடுத்த ஆண்டு அதே பல்கலைக்கழகத்தினர், உணவு இல்லாத கிளையின் வாயிலில் இந்த எறும்புகள் விலக்கும் மணம் ஒன்றையும் இடுவதைக் கண்டறிந்தனர். 'இவ்வழி செல்லாதே' என்ற அந்த அறிவிப்பு, அழைக்கும் மணத்தைவிட நெடுநேரம் நிலைத்திருக்கிறது. ஒரு குண்டூசித் தலையளவு மூளை கூட இல்லாத உயிர்கள் தரையோட்டின் இடுக்கில் இத்தனை செய்திகளை எழுதி வைத்துப் படிக்கின்றன என்பது வியந்து போற்றத்தக்கது.

கருநிற எறும்பின் திறமை சுமப்பதில் உள்ளது. செத்த கரப்பான்பூச்சியையோ பல்லியின் வாலையோ பல எறும்புகள் சுற்றிப் பற்றிச் சுவரோரமாக இழுத்துச் செல்வதைச் சற்று நேரம் நின்று பார்த்தால், சுமை அவ்வப்போது திசை மாறுவதும், புதிதாக வந்து பற்றிக்கொள்ளும் ஓர் எறும்புக்குப் பின் அது மீண்டும் சரியான வழிக்குத் திரும்புவதும் தெரியும். இஸ்ரேலின் வைஸ்மான் அறிவியல் நிறுவனத்தார் 2015-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விளக்கம் தந்தது: சுமையைப் பற்றியிருக்கும் எறும்புகள் கூட்டத்தின் இழுப்போடு ஒத்துப்போகின்றன, புதிதாக வரும் எறும்போ வழியை அப்போதுதான் அறிந்து வந்திருப்பதால் சில விநாடிகள் தன் திசையில் இழுத்துச் சுமையைத் திருப்பிவிட்டு, பிறகு அதுவும் கூட்டத்தோடு சேர்ந்துவிடுகிறது.

வளர்ந்த எறும்பால் திடப்பொருளை விழுங்க முடியாது. வாய்க்குள் உள்ள சிறு பையில் துணுக்குகள் வடிக்கப்பட்டு, சாறு மட்டுமே உள்ளே செல்கிறது. அந்தச் சாறும் முதலில் 'சமூக இரைப்பை' எனப்படும் சேமிப்புப் பையில் தங்கி, கூட்டில் உள்ள மற்ற எறும்புகளுக்கு வாயோடு வாய் வைத்து ஊட்டப்படுகிறது. ஓடியாடும் வேலைக்காரர்களுக்கு இனிப்பு வேண்டும். வளரும் புழுக்களுக்கும் முட்டையிடும் ராணிக்கும் புரதம் வேண்டும். நேற்றுவரை சர்க்கரையை மொய்த்த எறும்புகள் இன்று அதை விட்டுவிட்டு வறுத்த மத்தியின் முள்ளிலும் கருவாட்டுப் பொட்டலத்திலும் கூடுவதன் காரணம் இதுவே: கூட்டில் புழுக்கள் பெருகியிருக்கின்றன.

மழைக்கும் எறும்புக்கும் உள்ள தொடர்பை இந்நகரத்தார் அனைவரும் அறிவர். மண்ணுக்குள் கட்டிய கூட்டில் நீர் புகும்போது, வேலைக்கார எறும்புகள் வெள்ளை நிற முட்டைகளையும் புழுக்களையும் வாயில் கவ்விக்கொண்டு மேடான இடத்துக்கு ஏறுகின்றன. சுவர்க்கீறலும், கதவுச் சட்டத்தின் பின்புறமும், மின்விசைப் பலகையின் உட்புறமும் அவற்றுக்கு உலர்ந்த புகலிடங்களாகின்றன. வடக்குக் கலிஃபோர்னியாவில் அர்ஜென்டைன் எறும்புகளைப் பற்றி ஆய்வாளர் டெபோரா கார்டனின் குழுவினர் 2001-இல் வெளியிட்ட ஆய்வும், குளிர்ந்த மழைநாள்களிலும் வறண்ட வெயில்நாள்களிலுமே அவை வீடுகளுக்குள் புகுகின்றன என்றும், பூச்சிமருந்து அடித்ததா இல்லையா என்பதைவிட வானிலையே அதைத் தீர்மானிக்கிறது என்றும் காட்டியது. தோட்டமும் ஒரு காரணம். செம்பருத்தியிலும் பப்பாளியிலும் ஒட்டியிருக்கும் மாவுப்பூச்சியும் அசுவினியும் செடியின் சாற்றை உறிஞ்சி, மிகுந்த இனிப்பைத் துளியாகக் கழிக்கின்றன. அத்துளிக்காக எறும்புகள் அப்பூச்சிகளைப் பகைவரிடமிருந்து காக்கின்றன. அந்தச் செடியின் கிளை சன்னலையோ கூரையையோ தொட்டுக்கொண்டிருந்தால் அதுவே வீட்டுக்குள் வரும் பாலம்.

இவ்வளவும் தெரிந்த பிறகு, கண்ணில் படும் வரிசையின் மேல் மருந்தைத் தெளிப்பது எவ்வளவு வீண்வேலை என்பது விளங்கும். வெளியே திரிபவை கூட்டத்தில் ஒரு சிறு பகுதி. ராணி உள்ளே முட்டையிட்டுக்கொண்டே இருக்கிறது. ஃபாரோ எறும்பின் கூட்டில் பல ராணிகள் இருப்பதால், தெளிமருந்தின் தாக்குதலுக்கு உள்ளாகும் கூடு சிதறி, ஒவ்வொரு பிரிவும் ஒரு ராணியோடும் சில புழுக்களோடும் வேறிடத்தில் குடியேறி, ஒரு கூடு பல கூடாகிவிடுகிறது. பிரிட்டனின் மருத்துவமனைகளில் நோய்க்கிருமிகளைச் சுமந்து திரிவதாக 1972-இல் லான்செட் மருத்துவ இதழில் அறிவிக்கப்பட்ட எறும்பு இதுவே என்பதால், இதைப் பெருகவிடுவது சிறிய தவறு அல்ல.

பயனுள்ள முறைகள் எளியவை. தடத்தைச் சோப்பு நீரால் துடைத்தால் மணம் அழிந்து வரிசை குலையும். எறும்பு வரும் துளையைச் சிமெண்டால் அடைக்க வேண்டும். உணவு அலமாரியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தும் பழைய வழக்கம் இன்றும் சிறந்தது. ஆனால் டெங்கு பரவும் இந்நகரில் அந்நீரில் கொசு முட்டையிடாதிருக்கச் சில துளி சோப்பு கலந்து, வாரம் ஒருமுறையேனும் மாற்றுவது கட்டாயம். கூட்டையே ஒழிக்க வேண்டுமானால், 100 மில்லிலிட்டர் நீரில் 10 கிராம் சர்க்கரையும் 1 கிராம் போரிக் அமிலமும் கரைத்துப் பஞ்சில் நனைத்துத் தடத்தின் அருகே வைக்கலாம். அளவு இவ்வளவு குறைவாக இருப்பதற்குக் காரணம் உண்டு: மருந்து மிகுந்தால் எறும்பு வழியிலேயே செத்துவிடும், அல்லது தீண்டாமல் விலகும், குறைந்தால்தான் அது சமூக இரைப்பையில் ஏறி, கூடு சேர்ந்து, ராணிவரை ஊட்டப்படும். பஞ்சை மொய்க்கும் எறும்புகளை அந்த நாள்களில் துரத்தக் கூடாது. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகலாம். கரைசலைக் குழந்தைகளுக்கும் வளர்ப்பு விலங்குகளுக்கும் எட்டாத இடத்தில், பெயர் எழுதி வைப்பது இன்றியமையாதது.

ஒரு காலத்தில் வீடுதோறும் தூவப்பட்ட பி.எச்.சி. என்னும் பூச்சிக்கொல்லிப் பொடியை இந்திய அரசு 1997-இல் தடை செய்தது. அதன் இடத்தைப் பிடித்துக்கொண்ட எறும்பு சாக்பீஸில் டெல்டாமெத்ரின் போன்ற நரம்பைத் தாக்கும் நஞ்சு உண்டு. அமெரிக்காவில் அதன் விற்பனை சட்டவிரோதம். பள்ளிக்கூடச் சாக்பீஸ் என்று எண்ணிக் குழந்தைகள் வாயில் வைத்துவிடும் இப்பொருளை வீட்டில் வைத்திருப்போர் இன்றே அப்புறப்படுத்த வேண்டும். தேங்காய் துருவும் இடத்திலும் சப்பாத்தி தேய்க்கும் மேடையிலும் அதனால் கோடு இழுப்பதை அறவே நிறுத்த வேண்டும்.