சிறுதொழிலின் கணக்குக்கு மூன்று நகல்கள்

சிறுதொழில் ஒன்றின் பல வருடக் கணக்கும் ஒரே கணினியின் ஒரே ஹார்ட் டிஸ்கில் இருப்பது இன்றும் பரவலான வழக்கம். ராஜபாளையத்து நூல் மில், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடம், ஸ்ரீவில்லிபுத்தூரில் 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவை விற்கும் கடை என எதை எடுத்துக்கொண்டாலும் காக்க வேண்டியவை ஏறக்குறைய ஒன்றே. டாலி மென்பொருளில் உள்ள கணக்கு, ஜிஎஸ்டி பில்கள், சம்பளப் பட்டியல், வாடிக்கையாளரின் ஆர்டர்கள், தரச் சான்றிதழ்கள் ஆகியவைதாம் அவை. இவை அளவில் சிறியவை. சில ஜிகாபைட்டுகளைத் தாண்டுவதே அரிது. இடத்தை விழுங்குவது சிசிடிவி பதிவு. அதை அதன் ரெக்கார்டரிலேயே விட்டுவிட்டால் வாங்க வேண்டிய கருவியின் அளவும் செலவும் குறையும்.

எவ்வளவு காலம் காக்க வேண்டும் என்பதைச் சட்டமே சொல்கிறது. ஜிஎஸ்டி சட்டப்படி, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கடைசி நாளிலிருந்து 72 மாதங்களுக்குக் கணக்குகள் இருக்க வேண்டும். 2023-24ஆம் ஆண்டுக்கான ரிட்டர்னின் கடைசி நாள் 2024 டிசம்பர் 31 என்பதால், அந்த ஆண்டின் பில்கள் 2030 டிசம்பர் முடியும்வரை கைவசம் வேண்டும். தொழில் பிரைவேட் லிமிடெட் கம்பெனியாகப் பதிவானதாக இருந்தால் 8 நிதியாண்டுகள். மின்வடிவில் கணக்கு வைக்கும் கம்பெனிகள் தினமும் நகல் எடுத்து, அதை இந்தியாவுக்குள் உள்ள சர்வரில் வைக்க வேண்டும் என்று 2022இல் விதி திருத்தப்பட்டது. ஒரு ஹார்ட் டிஸ்க் 8 வருடம் பழுதின்றி ஓடும் என்று நம்பி இருப்பது சரியல்ல.

நான்கைந்து கணினிகள் உள்ள அலுவலகத்துக்குப் பொருத்தமானது ‘நாஸ்’ எனப்படும் சேமிப்புப் பெட்டி. சினாலஜி, க்யூநாப் போன்ற தைவான் நிறுவனங்களின் பெட்டிகள் இந்தியாவில் கிடைக்கின்றன. இரண்டு அல்லது நான்கு டிஸ்க்குகளை ஏற்கும் இந்தப் பெட்டி ரவுட்டரோடு கேபிளில் இணைகிறது. அலுவலகத்தில் உள்ள எல்லோரும் அதே கோப்புகளைத் திறக்கலாம், யாருக்கு எது தெரிய வேண்டும் என்று தனித்தனியாக அனுமதியும் கொடுக்கலாம். 4 டெராபைட் டிஸ்க் இரண்டைப் போட்டு ‘ரெய்டு 1’ முறையில் அமைத்தால் இரண்டிலும் ஒரே தரவு எழுதப்படும். பயன்படும் இடம் 4 டெராபைட்தான், ஆனால் ஒன்று கெட்டாலும் வேலை நிற்காது. சிறு அலுவலகத்துக்கு இதுவே போதும். டிஸ்க் வாங்கும்போது நாஸுக்கென்று செய்யப்பட்ட வகையைக் கேட்டு வாங்குவது அவசியம். மேசைக் கணினிக்கான மலிவு டிஸ்க் இரவும் பகலும் ஓடும் வேலைக்குச் செய்யப்பட்டதல்ல.

இந்த இடத்தில்தான் பலரும் தவறாக நிம்மதி அடைகிறார்கள். இரட்டை டிஸ்க் என்பது பேக்கப் அல்ல. ஊழியர் ஒருவர் ஒரு ஃபோல்டரை அழித்தால் அது இரண்டு டிஸ்க்கிலும் அதே நொடியில் அழியும். பணம் பறிக்கும் வைரஸ் கோப்புகளைப் பூட்டினால் இரண்டிலும் பூட்டும். 2022 ஜனவரியில் ‘டெட்போல்ட்’ என்ற வைரஸ், இணையத்துக்கு நேரடியாகத் திறந்து வைக்கப்பட்டிருந்த க்யூநாப் பெட்டிகளையே தேடிப் பூட்டியது. வீட்டிலிருந்து பார்க்கும் வசதிக்காக ரவுட்டரில் வழி திறந்து வைப்பதை இதனாலேயே தவிர்க்க வேண்டும். கூகுள் டிரைவ் போன்ற ஒத்திசைவுச் சேவைக்கும் இதே குறை உண்டு: இங்கே கெடுவது அங்கேயும் கெடும். பழைய நிலைகளைத் தேதிவாரியாக வைத்திருக்கும் ‘ஸ்னாப்ஷாட்’ வசதி நாஸில் இருக்கிறதா என்பதை விலைக்கு முன்பே விசாரிக்க வேண்டும்.

உலகெங்கும் ஏற்கப்பட்ட விதி எளிது: மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரத்தில் இருப்பது இதற்கு நல்ல வசதி. ஓர் ஊரில் மில்லும் மறு ஊரில் வீடோ கடையோ உள்ளவர், இரண்டு யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க்குகளை வாரம் மாற்றி மாற்றிக் கொண்டுபோய் வைக்கலாம். நகல் எடுத்து முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றிவிட வேண்டும். செருகியே இருப்பதை வைரஸ் விடாது. வழியில் தொலைந்தாலும் பிறர் படிக்க முடியாதபடி அதைக் கடவுச்சொல்லால் பூட்டி வைப்பது நல்லது. தீயும் திருட்டும் இரண்டு ஊரையும் ஒருசேரத் தொடா. ஆனால் மழை தொடக்கூடும். 2023 டிசம்பரில் தென்மாவட்டங்களில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவானது. தூத்துக்குடியும் திருநெல்வேலியும் வெள்ளத்தில் தவித்தன. எனவே கணக்கின் ஒரு நகலாவது ‘கிளவுட்’ எனப்படும் மேகச் சேமிப்பில் இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் மேகத்துக்கு அனுப்பத் தேவையில்லை. பதிவேற்ற வேகம் 20 மெகாபிட் என்றால் ஒரு டெராபைட் போய்ச்சேர நாலரை நாளுக்கு மேல் ஆகும். ஆபத்துக் காலத்தில் அதைத் திரும்ப இறக்கவும் நேரம் வேண்டும். டாலி ஃபோல்டரும் பில்களும் மட்டும் என்றால் முதல் முறைக்கு ஓரிரு மணி நேரம், பிறகு தினமும் மாறியவை மட்டும் சில நிமிடங்களில் போய்விடும். டாலியில் யாரும் வேலை செய்யாத இரவு நேரத்தை இதற்கு ஒதுக்க வேண்டும். பதிவு நடந்துகொண்டிருக்கும்போது எடுத்த நகல் அரைகுறையாக இருக்கக்கூடும்.

பெட்டியை வைக்கும் இடமும் முக்கியம். பஞ்சுத் தூசி மின்விசிறியை அடைத்து டிஸ்க்கைச் சூடாக்கும்; ஆகவே மில்லின் உற்பத்திக் கூடத்துக்கு வெளியே, மூடிய அறையில், தரையிலிருந்து உயரத்தில் வைக்க வேண்டும். மின்தடையின்போது நாஸ் தானே ஒழுங்காக நின்றுகொள்ள, யுஎஸ்பி கேபிளால் அதோடு பேசும் யுபிஎஸ் தேவை.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு நகலை எடுத்து, வேறொரு கணினியில் மீட்டுப் பார்க்க வேண்டும். டாலி திறக்கிறதா, கடைசி பில் எண் சரியா, வங்கி இருப்பு பொருந்துகிறதா என்று கணக்கரே பார்ப்பது நல்லது. கணினிக்காரருக்கு அந்த எண்கள் தெரியாது. மீட்க எவ்வளவு நேரம் ஆனது என்பதையும், கடவுச்சொற்கள் யாரிடம் உள்ளன என்பதையும் ஒரு தாளில் எழுதி, அந்தத் தாளை நாஸ் இருக்கும் அறைக்கு வெளியே பூட்டி வைக்க வேண்டும்.