இன்சுலின் சுரப்பைத் தீர்மானிக்கும் புரதங்கள்

நீரிழிவு என்றதும் சீனியையும் சோற்றையும் குறை கூறுவது எம்மிடையே வழக்கமாகிவிட்டது. இன்சுலின் எனும் ஓமோன் போதியளவு சுரக்காமையும், சுரப்பது உரியவாறு தொழிற்படாமையுமே இந்நோய்க்கு அடிப்படை என்பதைப் பலரும் அறிவர். ஆனால், அதன் உற்பத்தியைத் தீர்மானிப்பது எது என்பதை நாம் சிந்திப்பது குறைவு.

இன்சுலினை ஆக்குவதற்கான மரபணு 11ஆவது நிறமூர்த்தத்தில் அமைந்துள்ளது. உடலின் ஏறத்தாழ எல்லாக் கலங்களிலும் இம்மரபணு உண்டு. ஆயினும், சதையியிலுள்ள பீற்றாக் கலங்களே இன்சுலினைச் சுரக்கின்றன. ஏனைய கலங்களில் அம்மரபணு உறங்கிக் கிடக்கின்றது.

அதனை விழிக்கச் செய்பவை சில புரதங்களே. மரபணுவின் தொடக்கத்துக்கு முன்பாக டி.என்.ஏ. இழையில் கட்டுப்பாட்டுப் பகுதியொன்று உள்ளது. பி.டி.எக்ஸ்.1, நியூரோ டி1, மாஃப் ஏ ஆகிய புரதங்கள் அங்கு தமக்குரிய இடங்களில் பிணைந்து கூட்டாகச் செயற்படும்போதே மரபணு முழுவீச்சில் இயங்குகின்றது. உணவுண்டபின் குருதியில் குளுக்கோசு உயர்கையில் இப்புரதங்கள் ஊக்கம் பெறுகின்றன. எனினும், குளுக்கோசு நீண்டகாலம் உயர்ந்தே இருப்பின் பி.டி.எக்ஸ்.1, மாஃப் ஏ ஆகியவற்றின் பிணைப்பு நலிவடைந்து, இன்சுலின் உற்பத்தியும் வீழ்ச்சியடைகின்றது. நோயைத் தொடக்கத்திலேயே கட்டுப்படுத்துமாறு வைத்தியர்கள் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இப்புரதங்களின் முக்கியத்துவத்தை 1997இல் வெளியான ஆய்வொன்று உணர்த்தியது. பி.டி.எக்ஸ்.1 மரபணுவின் இரு பிரதிகளும் பழுதுற்றிருந்த குழந்தையொன்று சதையியே இன்றிப் பிறந்திருந்தது. ஒரு பிரதி மட்டும் பழுதுற்றால் இளவயதிலேயே நீரிழிவு தோன்றக்கூடும்.

டி.என்.ஏ.யுடன் பிணையும் எச்.என்.எஃப்.1ஏ எனும் மற்றொரு புரதத்தின் குறைபாடும் இளவயது நீரிழிவுக்குக் காரணமாகின்றது. இவ்வகை நோயாளர்கள் சல்ஃபொனைல்யூரியா மாத்திரைகளால் பெரிதும் பயனடைவதை 2003இல் வெளியான ஆய்வு காட்டியது. முதலாம் வகை நீரிழிவு எனக் கருதப்பட்டு ஊசி ஏற்றிவந்த சிலர், மரபணுச் சோதனையின் பின்னர் மாத்திரைக்கு மாறியுள்ளனர். ஆயினும், வைத்திய ஆலோசனையின்றி எவரும் இன்சுலினை நிறுத்துதல் ஆகாது. அது உயிராபத்தாக முடியலாம்.

தலைமுறை தலைமுறையாக இளவயதிலேயே நீரிழிவு தோன்றும் குடும்பங்கள் அவ்வரலாற்றை வைத்தியரிடம் மறைக்காது கூறவேண்டும். திருமணப் பேச்சுக்கு அஞ்சி நோயை மூடிமறைப்பதும், பிள்ளையின் உணவுப் பழக்கத்தையே பழிப்பதும் சரியான சிகிச்சையைத் தாமதப்படுத்தும். பிறப்பிலேயே அமைந்த குறைபாட்டுக்கு எவரும் வெட்கப்பட வேண்டியதில்லை என்பதே எமது நிலைப்பாடாகும்.